கழுத்து நெட்டி

என் கணவர் உடம்பில் சத்தம் வராத மூட்டு ஒன்றுகூட இல்லை என்று கல்யாணமான புதிதில் தங்கையிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால்விரல்களை மடக்கி நெட்டி எடுப்பார். பிறகு கைவிரல்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பின்பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஒரு திருகு. கடைசியாகக் கழுத்து. உள்ளங்கையால் தாடையை ஒரு பக்கமாகத் தள்ளுவார், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்த பிறகுதான் முகம் தெளியும். வராத நாளில் சாப்பிடும்போதுகூடக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவருக்கு வேலை தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு அலுவலகத்தில். கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்து கொடுப்பார்கள். காலையிலிருந்து மாலைவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். கன்டெய்னர் ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்று திருப்பூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கத்துகிறவர்களுக்கு அந்தக் கோணலான கழுத்தோடுதான் பதில் சொல்வார். கழுத்துக்கு நெட்டி முறிக்காமல் என்ன செய்வது என்று அவர் கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. மாலையில் என் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதைத் திருக எனக்குப் பயம்.

ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டும் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் சலூனுக்குப் போவார். முடி வெட்ட வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் போவார். எங்கள் தெரு முனையில்தான் கடை. இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓயாமல் பாடும் எஃப்.எம். சலூன்காரர் என் கணவரைவிட ஐந்தாறு வயது இளையவர். சின்ன வயதில் இருவரும் ஒரே மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள். ஷேவிங் முடிந்ததும் தலையை நன்றாகப் பிடித்துவிடுவார், கடைசியில் கழுத்து. ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

ஒரு தடவை என் கணவரைக் கூப்பிடப் போனபோது கடை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். தலை வெடுக்கென்று ஒரு பக்கம் போய் நின்றது. இனிமேல் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். அவர் சிரித்தார். கழுத்து பஞ்சு மாதிரி லேசாகிவிடும், உனக்கு அந்தச் சுகம் தெரியாது என்றார்.

பிறகு ஒரு வாரம் அலுவலகத்தில் வேலை அதிகம். புதன்கிழமையிலிருந்தே இடது காதுக்குப் பின்னால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கொரு தடவை தாடையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நெட்டி விழவில்லை என்ற எரிச்சல் வேறு. ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை சலூனுக்குப் போனால் சரியாகிவிடும் என்றார். சனிக்கிழமை போய்விட்டு வந்தவர், வழக்கம்போல டீ கேட்காமல் நேரே போய்ப் படுத்துக்கொண்டார். வலி கூடின மாதிரி இருக்கிறது, தூங்கினால் போய்விடும் என்றார்.

மறுநாள் ஆராதனையின்போது கோயிலில் ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் நானும் இருந்தோம். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது அவர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அடுத்த வரி பாடுவதற்குள் இடது பக்கமாகச் சரிந்து பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கோயிலே சுற்றுகிறது என்று சொன்னார். அந்தக் குரல் அவருடைய குரலாக இல்லை. தொண்டை கட்டி, உள்ளே எங்கோ கிடந்து பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு விக்கல் பிடித்தது.

கோயிலில் இருந்த ஒருவர் தன் காரில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே முதலில் பித்தம், பிறகு பிரஷர் என்று ஊசி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் இறங்கவில்லை, மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்ததும் அங்கிருந்த டாக்டரின் முகம் மாறியது. உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதற்குள் என் கணவரின் அண்ணன் சாத்தான்குளத்திலிருந்து வந்து ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். வழி முழுக்கத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் எடுத்த பிறகு நரம்பு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கழுத்தின் பின்பக்கமாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றின் உட்சுவர் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, மூளையின் அடிப்பக்கத்துக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்திருக்கிறது. ஸ்ட்ரோக்தான் என்றார். பிறகு, கழுத்தில் அடிபட்டதா, சட்டென்று திருப்பினாரா என்று கேட்டார். நான் சலூனைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே பக்கத்தில் நின்ற அண்ணனின் மூச்சு மாறுவது தெரிந்தது.

அப்படியானால் அவன் பண்ணின வேலைதானே இது என்று அண்ணன் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அதுல கிழிஞ்சிருக்கலாம். முன்னாலேயே கொஞ்சம் கிழிஞ்சு, அந்த வலிக்குத்தான் இவர் அங்க போயிருக்கவும் செய்யலாம். இவரே தினம் பத்துத் தடவை திருப்புறவர்னும் சொல்றீங்க. எதுன்னு உறுதியா என்னால சொல்ல முடியாது."

புதன்கிழமை வலி எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். அண்ணன் காதில் அது ஏறவில்லை.

ஆஸ்பத்திரி நாட்களில் விக்கல்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. தூக்கத்திலும் விடவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் கஞ்சியும் மருந்தும் விட்டார்கள். இடது கண் இமை பாதி தொங்கியது. இடது கன்னம் மரத்துப்போயிருந்தது, உடம்பில் வலது பக்கம் சூடு தெரியவில்லை. நர்ஸ் வெந்நீரில் நனைத்த துணியை வலது கையில் வைத்தபோது ஏதோ படுகிறது, சூடா குளிர்ச்சியா தெரியவில்லை என்றார். உட்கார வைத்தால் யாரோ இடது பக்கம் இழுக்கிற மாதிரி சாய்ந்துகொண்டே போவார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் வந்து அப்பாவின் இடது பக்கம் தலையணையாக உட்கார்ந்துகொண்டாள். அவர் சாயும்போதெல்லாம் அவள் தோள்தான் தாங்கியது.

அண்ணன் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். தம்பியைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போவதும் துடைத்துவிடுவதும் அவர்தான். என்னைச் செய்யவிடவில்லை. இடையில் ஒருநாள் தூத்துக்குடிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். சொந்தக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். தெரு கூடிவிட்டது. அன்றைக்கு இழுத்த ஷட்டரைச் சலூன்காரர் வெகுநாள் திறக்கவில்லை.

திரும்பி வந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்றார்.

"ஏம்மா, நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு இன்னொருத்தன் கழுத்தத் திருப்புவாம்லா. அவன் வீட்டுப் பொம்பளையும் இப்பிடி வந்து நிக்கணுமா?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. எனக்கும் கோபம் இருந்தது. குழாயில் கஞ்சி விடும் ஒவ்வொரு வேளையும் சலூன்காரரின் கைகள் என் கண்முன் வந்தன. ஆனால் டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றதை உறுதியாகச் சொல்லிக் கையெழுத்துப் போடவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தம்பியிடமே கேட்போம் என்றேன்.

என் கணவருக்கு அப்போது விக்கல் கொஞ்சம் தணிந்திருந்தது. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்.

"மொத தடவ நெட்டி விழல. நான்தான் இன்னொரு தடவ நல்லா போடுலேன்னேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். அவன் மேல கேஸ் போடக்கூடாது."

அண்ணன் அதன்பிறகு கேஸ் பேச்சை எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஊருக்குப் போனார். பிறகு சில மாதங்கள் போனில் மட்டும்தான் விசாரித்தார்.

வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை மடக்கினாள். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன. எவ்வளவு கண் பட்டிருக்கிறது பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாள். அவள் பாசமாகத்தான் செய்தாள். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கைத்தடி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். சுவர் இடது பக்கம் இருந்தால் சாய்ந்துகொள்ளலாம் என்பதற்காகக் கட்டிலை மாற்றிப் போட்டோம். குளிக்கும்போது வெந்நீரை இடது கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், வலது கையை நம்பக் கூடாது. ஒருநாள் அதை மறந்து சூடான தோசைக்கல்லில் வலது கையை ஊன்றிவிட்டார். தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அலுவலகத்தில் முதலில் விடுப்பு கொடுத்தார்கள், பிறகு வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி கொஞ்சம் வேலை கொடுத்தார்கள்.

ஷேவிங் நான்தான் செய்துவிட்டேன். மரத்துப்போன கன்னத்தில் பிளேடு வெட்டினாலும் அவருக்குத் தெரியாது என்பதால் என் கை பயந்து பயந்து போகும். அங்கங்கே முடி விட்டுப்போய் முகம் பார்க்க நன்றாக இருக்காது. ஒரு சனிக்கிழமை அவர், அவனை வரச் சொல்லப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வேறு யாரையாவது கூப்பிடுவோம் என்றேன். அவர் போனை எடுத்தார்.

சலூன்காரர் அப்போது திரேஸ்புரம் பக்கம் வேறொருவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு துணிப்பை. நான் போய்க் கேட்டைத் திறந்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரொம்ப மெலிந்திருந்தார். என் கணவர் உள்ளேயிருந்து, வாலே, அங்கன என்ன நிக்க என்று கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியில் கோணலாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. என் கணவர் அவர் தலையில் கை வைத்து, எழுந்திருந்து வேலையைப் பார் என்றார்.

நான் நிலைவாசலில் நின்றுகொண்டேன். சலூன்காரர் நுரை தடவியதும், மரத்த கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிளேடை இறக்கியதும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லை. முகத்தைத் துடைத்த பிறகு பழக்கத்தில் அவர் விரல்கள் தலைமுடிக்குள் போயின. அதே பழக்கத்தில் என் கணவர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் கொடுத்தார். சனிக்கிழமை தோறும் கொடுத்த அதே மாதிரி. சலூன்காரர் நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துவிட்டார். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். கேட்டருகில் நின்று, என் கணவர் ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள், பிறகு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி அப்பிடியா சொன்னாவ? இல்லக்கா. வலிக்குதுலே, விடுன்னுதான் சொன்னாவ. மொத தடவ சத்தம் வரல. சத்தம் வராம விட்டா எனக்கு வேல பாதியில நின்ன மாதிரி இருக்கும். நானாத்தான் இன்னொரு தடவ போட்டேன்."

உள்ளே வந்து இதை அவரிடம் கேட்டேன். அவன் பயத்தில் உளறுகிறான் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை நடந்தது இருவருக்குமே சரியாக நினைவில்லையோ என்னவோ. கணக்கில் ஒரு விடை தப்பு என்றால் எந்த வரியில் தப்பியது என்று பார்த்துவிடலாம். இதில் எந்த வரிக்குப் போனாலும் அங்கே ஒரு சந்தேகம் நிற்கிறது. அவரே திருப்பிக்கொண்ட புதன்கிழமையா, அவர் சொல்லிப் போட்டதா, சொல்லாமல் போட்டதா.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தடியில்லாமல் தெருமுனைவரை போகிறார். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. கைவிரல்களை இன்றைக்கும் மடக்குகிறார். விரல் நெட்டியால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை, கழுத்தை மட்டும் தொடாதீர்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் சமையலறையில் நிற்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். எட்டிப் பார்த்து, விரல்தான் என்று தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு காய் நறுக்குவேன். விடுமுறையில் வந்த மகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யோசனையில்லாமல் கழுத்தை ஒரு பக்கம் சொடுக்கினாள். நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, அதுவாக வருகிறது என்று பிறகு சொன்னாள். அவள் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சலூன்காரர் பழைய கடையை மறுபடி திறந்துவிட்டார். சனிக்கிழமை கடைக்கு ஆள் வரத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து ஷேவ் செய்துவிட்டுப் போகிறார். அண்ணனும் இப்போது வருகிறார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், சலூன்காரர் வேலையை முடித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கடை வழியாக வந்தேன். நாற்காலியில் ஒரு வாலிபன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். சலூன்காரரின் ஒரு கை அவன் தாடையில் இருந்தது, ஒரு கை பின்மண்டையில். எஃப்.எம். பாட்டையும் மீறி எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவன் சுகமாகச் சிரித்தான். சலூன்காரர் நிமிர்ந்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். நான் விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். உடம்பு சரியில்லாமல் போன பிறகு என் கணவர் கோபப்பட்டது அன்றைக்குத்தான். உன்னை யார் அங்கே நின்று பார்க்கச் சொன்னது என்று என்மேல் எரிந்து விழுந்தார். அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சலூன்காரர் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். முகத்தில் நுரை தடவி முடித்தார். பிளேடை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார்.

"இன்னும் போடுதியாலே?"

சலூன்காரர் கை நின்றது. "வர்றவங்க கேக்காவ அண்ணாச்சி. வேண்டாம்னா எதுத்த கடைக்குப் போயிருதாவ. மெதுவாத்தான் போடுதேன்."

"போடாதலே."

"சரி அண்ணாச்சி."

பிறகு அவர் குனிந்து ஷேவ் செய்யத் தொடங்கினார். முடித்துவிட்டுப் போகும்போது என்னைப் பார்த்து, வாரேங்க்கா என்றார். நானும் சரி என்றேன். அவர் நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் மறுபடி கேட்கவில்லை. நான் இப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த முனைக்குப் போகாமல், ஐஸ் கம்பெனி இருக்கும் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறேன்.